பார்க்குக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில்

வெல்டா க்ரவுச்சின் கணவன் கோய் ஊரை விட்டு ஓடியபோது அவனுடைய இடது காலில் இரண்டு விரல்கள்தான் மிச்சம். மற்றதெல்லாம் பட்டறைத் தரையில் நசுங்கிப் போனது. ஜாக்கி மேல் ஏற்றியிருந்த கியர்பாக்ஸ் நழுவிவிட்டது என்று வெல்டா டாக்டரிடம் சொன்னாள். அது நழுவுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கோய் பெரிய ஸ்பேனரால் அவள் தோளெலும்பில் போட்டிருந்தான். அதை டாக்டர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஊர் மட்டும் தானாகப் புரிந்துகொண்டது. அதற்குப் பிறகு பிராலியில் எந்த ஆணும் வெல்டாவின் ஜாக்கிக்குப் பக்கத்தில் நின்று வாயை விட்டதில்லை.

பிராலி, மிசௌரியின் தெற்கில் ஓசார்க் மலைச்சரிவில் கிடக்கிற ஊர். கல்லும் மாடும் கோழிப்பண்ணையும்தான் அங்கே. வீட்டுக்கு வீடு ஒரு பழைய பிக்கப் நிற்கும், எல்லாமே ஆட்டோமேட்டிக். கிளட்ச் மிதிக்கிற வேலை கிடையாது. ஸ்டியரிங் கம்பத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் லிவரை இழுத்தால் போதும். உச்சியில் வண்டியைப் பூட்டி நிறுத்தும் பார்க், அதற்கு அடுத்த படி ரிவர்ஸ், மற்றதெல்லாம் அதற்குக் கீழே. பத்து வயதுப் பிள்ளைகூட வைக்கோல் வயலில் ஓட்டும். ஓட்டுவது சுலபம் என்பதால் கெடுப்பதும் சுலபமாக இருந்தது. வெல்டாவுக்குச் சோறு போட்டது அதுதான்.

கோயைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் அவள் கோழி ஆலையில் கழுத்தறுக்கும் வரிசையில் நின்றவள். கல்யாணத்துக்குப் பிறகு கோய் பட்டறையில் குடித்துவிட்டு விழுந்து கிடப்பான். வண்டியைக் கொடுத்தவர்கள் வாசலில் வந்து கத்துவார்கள். கத்தல் பொறுக்காமல் அவளே கியர்பாக்ஸைப் பிரிக்கத் தொடங்கினாள். முதல் பெட்டியைப் பிரித்தபோது சுருள்வில் ஒன்று தெறித்துப் புருவத்தைக் கிழித்தது. கொதிக்கிற ஆயில் இரண்டு முறை முழங்கை வரை ஊற்றியது. தொழில் அவளை அடித்தது, அவளும் திருப்பி அடித்தாள். "இங்க பேசறதுக்கு ஆம்பளை யாரும் இல்லையா?" என்று கேட்ட மருந்துக் கம்பெனிக்காரனின் பளபளப்பான ஷூவில் ஒரு தட்டு கருகிய ஆயிலைக் கவிழ்த்துவிட்டு, "இப்பப் பேசு" என்றவள் அவள்.

வண்டி வந்தால் முதலில் ஆயில் அளவுக்குச்சியை உருவி மூக்கில் வைத்துப் பார்ப்பாள். அப்புறம் வண்டியை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்பாள். யார் ஓட்டுகிறார்கள், எப்படி ஓட்டுகிறார்கள், கோபம் வந்தால் எதைப் போட்டு உடைப்பார்கள் என்று துருவுவாள். இது என்ன விசாரணை என்று சிலர் முறைப்பார்கள். பதில் சொல்லாதவர்களின் வண்டியை அவள் தொடமாட்டாள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் பிப்ரவரியில் ஒரு காலை ஹார்லன் சைப்ஸ் தன் தம்பி டாயலின் பிக்கப்பை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தான். டாயலைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை. ஹார்லனின் ஒரு கையில் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. மறு கையில் டாயலின் மனைவி லீட்டாவின் கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்துவந்தான். அந்தப் பக்கத்தில் துப்பாக்கியோடு பட்டறைக்கு வருவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் ஹார்லனின் விரல் விசையில் இருந்தது.

"இந்த வண்டி தானா பின்னால போகுமா போகாதா, அத மட்டும் சொல்லு" என்றான்.

"ஷெரீஃப் ஆபீஸ் ஆள் பாத்துட்டுதான போனான்?"

"அந்த நாய் பார்க்ல போட்டு ரெண்டு ஆட்டு ஆட்டிப் பாத்தான். அசையல. ஆனாலும் ஆக்சிடெண்ட்னு சொல்லிட்டு டோனட் திங்கப் போயிட்டான். அசையாத வண்டி எப்பிடிடி எந்தம்பிய நசுக்கும்?"

"இன்னொரு தடவை 'டி' போட்டே, வண்டிய நீயே கழட்டிப் பாத்துக்க வேண்டியதுதான்."

ஹார்லன் பல்லைக் கடித்தான். "சரி. ஆனா இத மட்டும் கேட்டுக்க. தப்பு வண்டி மேலயா இவ மேலயான்னு இன்னிக்கே எனக்குத் தெரியணும். வண்டி தானா போகாதுன்னா, இவ வீட்டுக்குத் திரும்பமாட்டா."

லீட்டா வலது கையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள்.

நடந்தது இதுதான் என்று லீட்டா ஷெரீஃப் ஆளிடம் சொல்லியிருந்தாள். மாட்டுக்குத் தீனி போடப் போனார்கள். மேய்ச்சல் நிலத்துக் கேட்டைத் தாண்டி டாயல் வண்டியை நிறுத்தினான். இன்ஜினை அணைக்காமல் இறங்கினான். கேட்டைச் சாத்திச் சங்கிலி மாட்டிக்கொண்டிருக்கும்போது வண்டி பின்னால் வந்து அவனைக் கேட்டுக் கம்பத்தோடு வைத்து அழுத்தியது. நெஞ்செலும்பு அத்தனையும் நொறுங்கியும் அவன் உடனே சாகவில்லை. அவன் கத்தியது பக்கத்துப் பண்ணை வரைக்கும் கேட்டதாம்.

இதில் ஒரே ஒரு இடம் ஹார்லனின் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் யாராக இருந்தாலும் குத்தும். கேட்டைத் திறந்து சாத்துவது ஓட்டுகிறவன் வேலை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் வேலை. பிள்ளைத்தாய்ச்சி என்றாலும், கல்யாணக் கோட்டுப் போட்ட மாப்பிள்ளை என்றாலும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்காமல் உட்கார்ந்திருந்தவரைப் பற்றி வருஷக்கணக்கில் சிரிப்பார்கள்.

"கேட்டுக்கிட்ட நின்னவன் டாயல்" என்றான் ஹார்லன். "அப்ப ஓட்டினது யாரு? பக்கத்துல உக்காந்திருந்தவளுக்காக இறங்கிக் கேட்டு சாத்தறவனா எந்தம்பி? அவன் பொறந்ததுலேருந்து எனக்குத் தெரியும். இவதான் ஸ்டியரிங்ல இருந்தா. ரிவர்ஸ்ல போட்டு ஏத்தியிருக்கா."

ஹார்லன் முட்டாள்தான், ஆனால் இந்தக் கேள்வி முட்டாள்தனமானதில்லை.

அவள் லீட்டாவிடம் போனாள். கேட்டுக்கொண்டு நிற்கிற பொறுமை அவளுக்குக் கிடையாது. கோட்டுக்குள் இருந்த கையை மணிக்கட்டில் பிடித்து வெளியே இழுத்தாள். லீட்டா வீலென்று அலறினாள். பாத்திரம் துடைக்கிற துணி சுற்றியிருந்தது. அதைப் பிரித்தால் நான்கு விரல்களும் கறுத்து வீங்கிக் கிடந்தன. இரண்டு நகங்களைக் காணோம்.

"யாரு பண்ணினது?"

"டாயல்" என்றாள் லீட்டா. "அன்னிக்குக் காலையில. வண்டிக் கதவுல கைய வச்சுச் சாத்தினான். காபி ஆறிப்போச்சுன்னு. இந்தக் கையால அந்தச் சங்கிலியத் தூக்க முடியல அக்கா. அதனாலதான் திட்டிக்கிட்டே அவன் இறங்கினான்."

"இத ஏன் ஷெரீஃப் ஆளுகிட்ட சொல்லல?"

"எப்பச் சொல்றது? அவன் வந்தப்ப சர்ச்சுப் பொம்பளைங்க எல்லாம் சாவு வீட்டுச் சாப்பாடுன்னு சுட்ட பன்னித்தொடையும் உருளைக்கிழங்குமா வீடு நெறைய நின்னு, நல்ல மனுஷன் நல்ல மனுஷன்னு அழுதுக்கிட்டிருந்தாங்க."

"பொய்!" என்று ஹார்லன் பாய்ந்தான். "நேத்து சுத்தியலால நீயே அடிச்சுக்கிட்டிருப்ப!" துப்பாக்கிக் கட்டையால் அவள் வாயில் இடித்தான். லீட்டா டயர் அடுக்கின் மேல் விழுந்தாள், உதடு பிளந்து ரத்தம் கொட்டியது. அவன் மறுபடி ஓங்குவதற்குள் வெல்டா கையில் கிடைத்த இரும்புத் தடியை அவன் முழங்கையில் இறக்கினாள். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. துப்பாக்கி கீழே விழவில்லை. மறு கைக்கு மாறி, வெல்டாவின் வயிற்றுக்கு நேரே திரும்பியது.

"சுடு" என்றாள் வெல்டா. "இந்த ஜில்லாவுல வேற எவன் வந்து இந்தப் பெட்டியப் பாத்துச் சொல்றான்னு பாக்கறேன்."

ஹார்லனின் மூச்சு புஸ்புஸ் என்று வந்தது. கடைசியில் குழலைத் தாழ்த்தினான். "பாரு. சீக்கிரம் பாரு."

வெல்டா வேலையைத் தொடங்கினாள். அளவுக்குச்சியை உருவினாள். ஆயில் அடிமட்டத்துக்கும் கீழே இருந்தது. சிவப்பாக இருக்க வேண்டியது பழுப்பாக, கருகிய ரொட்டி வாசனையோடு வந்தது. அடியில் புகுந்து விளக்கடித்துப் பார்த்தாள். பெட்டியின் அடித்தட்டு ஓரமெல்லாம் கசிவு. ஸ்டியரிங் கம்பத்திலிருந்து பெட்டிக்குப் போகும் இணைப்புக் கம்பியின் முனையில், சுண்டுவிரல் நுழைகிற அளவு ஒரு பிளாஸ்டிக் வளையம், புஷ் என்பார்கள், இருக்க வேண்டும். அது பாதி தேய்ந்து, துளை முட்டை வடிவத்துக்கு இழுபட்டிருந்தது. கம்பியைக் கையால் ஆட்டினாள், லொடலொடவென்று ஆடியது.

அடியிலிருந்து வெளியே வந்து, லிவரைப் பார்க்கில் போட்டாள். இன்ஜினைக் கிளப்பிவிட்டு வண்டியைத் தோளால் முட்டினாள், பம்பரில் ஏறிக் குதித்தாள். வண்டி கல்லாக நின்றது. திரும்பத் திரும்பப் போட்டாள், திரும்பத் திரும்ப நின்றது.

"அசையல" என்றான் ஹார்லன். அவன் முகத்தில் ஒரு திருப்தி வந்ததைப் பார்த்ததும் வெல்டாவுக்கு அவனை அங்கேயே அடித்துக் கொல்ல வேண்டும் போல இருந்தது.

"இது குளிர்ந்துபோன வண்டி. குளிர்ந்த வண்டி நல்ல பிள்ளை வேஷம் போடும். சூடு ஏத்தணும்."

வண்டியை எடுத்துக்கொண்டு கோழிப்பண்ணைச் சாலையில் மேலும் கீழுமாக விரட்டினாள். லீட்டாவைப் பட்டறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, ஹார்லன் பக்கத்தில் உட்கார்ந்து குழலை அவள் விலாவில் வைத்திருந்தான். திரும்பி வந்து பட்டறைக்குள் நுழைத்தபோது சைலன்சர் பொரிந்துகொண்டிருந்தது. டாயல் ஐடிலிங்கை வேறு கூட்டி வைத்திருந்தான். நிற்கும்போதும் இன்ஜின் உறுமியது. இப்போது ரிவர்ஸில் தள்ளிப் பார்த்தாள். வண்டி உடனே பிடிக்கவில்லை. ஒரு சிகரெட்டைப் பற்றவைக்கிற நேரம் சும்மா இருந்துவிட்டு, அப்புறம் தடாலென்று உதைத்துப் பின்னால் போனது. ஆயில் குறைந்து, சீல் இறுகிப்போன பெட்டி அப்படித்தான் செய்யும்.

"பாத்தியா? ரிவர்ஸ் தாமசமா வருது. டாயல் இறங்கி நடந்து கேட்டுகிட்ட போற வரைக்கும் வண்டி சும்மா இருந்திருக்கும்."

"ரிவர்ஸ்ல போட்டா ரிவர்ஸ்லதான் போகும்! பார்க்ல போட்டா போகுமா? அதச் சொல்லு!"

அவள் மறுபடி பார்க்கில் போட்டாள். நின்றது. மறுபடியும் போட்டாள். நின்றது. ஹார்லன் துப்பாக்கியின் குதிரையை இழுத்து வைத்தான். அந்தச் சத்தத்துக்கு லீட்டா சுவரோரம் குறுகினாள்.

அப்போதுதான் வெல்டாவுக்கு உறைத்தது. தப்பு தன் கையில் இருக்கிறது. பெட்டியோடு பழகிய கை, லிவரைத் தொட்டால் பதமாகத்தான் கொண்டுபோய் வைக்கும், படியில் சரியாக உட்காரும்வரை விடாது. தினமும் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை இன்றைக்குக் கேட்க மறந்திருந்தாள்.

"ஹார்லன், உந்தம்பி கோவம் வந்தா வண்டிய எப்பிடி நிறுத்துவான்?"

"எங்கப்பன் மாதிரிதான். நான் நிறுத்தற மாதிரிதான். அடிச்சு ஏத்திட்டு இறங்கிப் போயிடுவோம்."

"அப்ப நீ நிறுத்து."

அவள் வண்டியை நேராக்கினாள். பின்சக்கரங்களுக்குப் பின்னால் ஒரு கை தூரம் விட்டு இரண்டு மரக்கட்டைகளை வைத்தாள். கோயின் கால் போன நாளிலிருந்து கட்டை இல்லாமல் அவள் எந்த வண்டியையும் தொட்டதில்லை. "வண்டிக்குப் பின்னால மட்டும் போய் நிக்காத" என்று ஹார்லனிடம் சொன்னாள். அந்த ஊர் வண்டிகளில் கைபிரேக்கை நம்புவதற்கில்லை. டாயல் வண்டியில் அதன் கம்பி துருவேறி அறுந்தே தொங்கியது.

"இவளும் ஏறட்டும்" என்றான் ஹார்லன். "அன்னிக்கு எங்க உக்காந்திருந்தேன்னு புளுகினாளோ அங்கயே உக்காரட்டும்."

லீட்டா ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறினாள். வெல்டா ஜன்னல் வழியாகக் குனிந்து, "வண்டி அசைஞ்சா சாவிய அணைச்சிடு. எட்டுது பாரு, இடது கைக்கு" என்றாள். லீட்டா தலையாட்டினாள். வெல்டா வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

ஹார்லன் வண்டியை இரண்டடி முன்னால் எடுத்தான். வெல்டா விலகி நின்று, "உன் காபி ஆறிப்போச்சு" என்றாள். "உன் பொண்டாட்டி கேட்டத் திறக்கமாட்டேங்கறா. ஊர் சிரிக்குது."

அவன் முகம் கன்றியது. லிவரைத் தலைக்கு மேலே தூக்கி எறிவதைப் போல அடித்து ஏற்றினான், கதவை உதைத்துத் திறந்து குதித்தான். லிவர் உச்சியில்தான் இருந்தது, பார்ப்பதற்கு. வண்டி அசையவில்லை. ஹார்லன் நின்று பார்த்தான். இன்ஜின் மட்டும் உறுமி உறுமி உடம்பை உலுக்கியது.

"நின்னுடுச்சு!" என்று கத்தினான். "நின்னுடுச்சு பாத்தியா! இறங்குடி கீழ, கொலகாரி!"

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு லீட்டாவின் கதவை நோக்கி ஓடினான். கோபத்தில் இருக்கிறவனுக்குக் கிட்டத்து வழிதான் கண்ணில் படும். வண்டிக்குப் பின்னால் சுற்றினான்.

"ஹார்லன்!" என்று வெல்டா அலறினாள்.

லிவர் ஒரு மயிரிழை கீழே நழுவியதை அவள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். யாரும் தொடவில்லை. தடாலென்று பெட்டி உதைத்தது. வண்டி பின்னால் பாய்ந்தது.

"லீட்டா! சாவி!"

லீட்டாவின் இடது கை மடியிலிருந்து எழுந்தது. சாவிக்குப் பக்கத்தில் வந்தது. நடுக்கமே இல்லாமல், சாவியைத் தொடாமல், அங்கேயே நின்றது. பிறகு மெதுவாக மடிக்குத் திரும்பியது. வெல்டா அதை முழுசாகப் பார்த்தாள்.

பின்சக்கரங்கள் கட்டைகளில் மோதி ஏறின. பம்பர் ஹார்லனின் தொடைகளைப் பிடித்து, கூரையைத் தாங்கும் இரும்புத் தூணோடு சேர்த்து அழுத்தியது. துப்பாக்கி வெடித்து, கூரைத் தகடு கிழிந்து வானம் தெரிந்தது. கால் எலும்பு முறிகிற சத்தம் வெடிச்சத்தத்தையும் மீறிக் கேட்டது. வெல்டா பாய்ந்து, திறந்து கிடந்த கதவுக்குள் உடம்பைத் திணித்து சாவியைத் திருப்பினாள். இன்ஜின் நின்றது. ஹார்லன் மட்டும் நிறுத்தாமல் கதறிக்கொண்டிருந்தான். கட்டைகள் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் காலோடு இடுப்பும் நொறுங்கி, கதறக்கூட அவன் இருந்திருக்கமாட்டான்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவன் வெல்டாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. "பார்க்லதான் போட்டேன்" என்றான். "சத்தியமா பார்க்லதான் போட்டேன், வெல்டா. தானா வந்துச்சு. டாயலும் இப்பிடித்தான்... இவ பண்ணல. எல்லார்கிட்டயும் சொல்லிடு. இவ பண்ணல."

"சொல்றேன்" என்றாள் வெல்டா.

ஆம்புலன்ஸ் சத்தம் தேய்ந்ததும் லீட்டா டயர் அடுக்கின் மேல் வந்து உட்கார்ந்தாள். வெல்டா அவள் கைக்கு ஐஸ் கட்டிவிட்டாள், உதட்டுக்குத் துணி கொடுத்தாள்.

"என்ன கெட்டுப்போயிருக்கு அதுல?" என்று லீட்டா கேட்டாள்.

"ஒரு பிளாஸ்டிக் புஷ். தேஞ்சு போச்சு. அடிச்சு ஏத்தினா லிவர் பார்க்குக்கும் போகாம, ரிவர்ஸ்லயும் விழாம நடு மேட்டுல நின்னுக்கும். இன்ஜின் உலுக்குற உலுக்குல கீழ எறங்கிடும். காபி குடிக்கிற நேரத்துல மாத்திடலாம்."

"கால் சரியானதும் ஹார்லன்தான இந்த வண்டிய எடுத்துட்டுப் போவான்?"

"ஆமா."

"மாத்தாதீங்க அக்கா."

வெல்டாவின் கை ஓங்கிக்கொண்டு வந்தது. அடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தாள். உதிரிச் சாமான் டப்பாவிலிருந்து எடுத்துவந்த புது புஷ் ஒன்றை மாட்டி, கம்பியை இழுத்துச் சரிசெய்து, ஆயிலை நிரப்பினாள். அதைச் செய்ததில் அவளுக்கு ஒரு பெருமையும் இல்லை. பின்னாளில் ஹார்லன் தடியூன்றிக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம் ஏன் செய்தோம் என்றும் தோன்றும். ஆனால் கெட்டது என்று தெரிந்த பெட்டியை வெளியே அனுப்ப அவளால் ஆகாது.

அடியிலிருந்து வெளியே வந்து, அடக்க மாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"அன்னிக்கும் உன் இடது கை நல்லாத்தான இருந்துச்சு?"

லீட்டா நிமிர்ந்து பார்த்தாள். முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். "இருந்துச்சு" என்றாள். "அவன் என் பேரச் சொல்லித்தான் கத்தினான். நான் ரேடியோவப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

வெளியே யாரோ வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார்கள். வெல்டாவின் கண் தானாகத் தரைக்குப் போனது. சிமெண்டில் கோயின் கால்மேல் பெட்டி விழுந்த பள்ளம் இன்னும் இருந்தது. அன்றைக்கு ஜாக்கியின் திருகைத் தளர்த்தியது அவள் கைதான். நழுவவில்லை.

லீட்டா எழுந்து வந்து, தரையில் கிடந்த தேய்ந்த புஷ்ஷை இடது கையால் எடுத்தாள். விளக்குக்கு நேரே தூக்கி அதன் துளை வழியாகப் பார்த்தாள். "இதுதான அவனக் கொன்னுச்சு?" என்று கேட்டாள். கேட்கும்போது அவள் குரல் உடைந்தது.

"ஆமா" என்றாள் வெல்டா. "அதுதான்."

மரக்கட்டைகளில் ஒன்று பிளந்திருந்தது. அதை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு, ஹாரன் அடித்தவனைக் கவனிக்க வெளியே போனாள்.